ஏர் சீட் இறங்கினால் பெல்லோ போச்சா?

லாரியின் ஏர் சீட் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிட்டால், "பெல்லோ போச்சு, சீட்டையே மாத்திடுங்க" என்பதுதான் பல பட்டறைகளில் முதல் தீர்ப்பு. சீட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பெல்லோ கிழிவதுண்டு. மடிப்பில் வெடிப்பு விட்டிருந்தால் டார்ச் அடித்தாலே தெரியும். ஆனால் அது மேலும் கீழும் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதற்குக் காற்று கொண்டுவரும் நைலான் டியூப்பும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடவே வளைந்து நிமிர்கிறது. அந்த அலைச்சல் முழுவதும் டியூப் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில்தான் விழுகிறது. எனவே முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்பை. பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, காற்று ஏறியிருக்கும்போது தடவினால் கசியும் இடத்தில் நுரை கொப்புளிக்கும். வண்டி ஓடும்போது குறையும் காற்றைக் கம்ப்ரஸர் அவ்வப்போது நிரப்பிவிடுவதால் சின்னக் கசிவு வெளியே தெரியாது. "ஓடும்போது நல்லாத்தானே இருக்கு" என்பதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இதைவிடச் செலவு வைப்பது, டியூப்பைக் கழற்ற, கட்டிங் பிளையரால் பிடித்து இழுத்தால் போதும் என்ற எண்ணம். இழுத்தால் வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறது, ஆனால் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கனெக்டரான புஷ் ஃபிட்டிங்குக்குள் வாய்ப்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்த பல்வரிசை ஒன்றும், அதற்கும் உள்ளே ஓ-ரிங்கும் இருக்கின்றன. இழுக்க இழுக்கப் பல் அழுந்தும். அதன் வேலையே அதுதான். பலவந்தமாக உருவும்போது டியூப்பின் நுனி அந்தப் பற்களை உரசிக்கொண்டே வெளியே வருகிறது. அப்படிக் கோடு விழுந்த நுனிதான் திரும்பச் சொருகும்போது ஓ-ரிங்குக்குள் போய் உட்கார்கிறது. காற்று அந்தக் கோடுகளின் வழியே நழுவுகிறது. பழைய கசிவு ஒன்று, நாமே உண்டாக்கியது ஒன்று. சரியான வழிக்குப் பலமே வேண்டாம். சீட்டை முழுக்க இறக்கி, லைனில் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். உயர்ந்த நிலையில் கழற்றினால் கத்தரிபோல் மடங்கும் சட்டம் விரலை நசுக்கும். பிறகு டியூப்பைச் சற்று உள்ளே தள்ளி, வாயில் உள்ள காலரைச் சாயாமல் சமமாக அழுத்திப் பிடித்தபடியே இழுத்தால் பல் விட்டுவிடும். கீறல் விழுந்த நுனியைக் கூரான பிளேடால் நேராக வெட்டியெறிய வேண்டும்; பிளையரால் வெட்டினால் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். திரும்பச் சொருகும்போது அடிவரை போக வேண்டும், மெல்ல இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. வெட்டி வெட்டி நீளம் குறைந்துவிட்டதென்றால் புது டியூப்தான்.

"டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்கிறதே" என்றும் கேட்பார்கள். அந்த டேப் மரை உள்ள இணைப்புக்கானது. டியூப்பின் மேல் சுற்றினால் ஓ-ரிங் ஒழுங்காகப் படியாது, பிய்ந்த துணுக்கு உயரம் திருத்தும் வால்வுக்குள் போய் அடைக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் மெஷினின் டியூப்பும் பார்வைக்கு அதே மாதிரி இருப்பதால் கைகொடுக்கும் என்று தோன்றும். அது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. லாரியில் இருப்பது 6 மி.மீ. என்றால் ஃபிட்டிங்கும் அதற்கே செய்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசம் ஓ-ரிங்குக்குப் பெரிது. தவிர, வீட்டுத் தண்ணீர் அழுத்தத்துக்குச் செய்த டியூப்பை 7, 8 பார் காற்றில் நம்ப முடியாது.

சீட்டில் கசிந்தால் பிரேக் காற்றும் போய்விடும் என்ற பயம் ஒருபுறம். இன்றைய கனரக லாரிகளில் பிரேக்குக்கும் சீட் போன்ற துணைக் கருவிகளுக்கும் காற்றுப் பாதை தனித்தனி. ஒன்றில் அழுத்தம் விழுந்தால் பாதுகாப்பு வால்வு மற்றதைக் காக்கும். அந்த வால்வே பழுதாகியிருக்கலாமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. மீட்டரில் பிரேக் அழுத்தமும் சேர்ந்து இறங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது. மறுபுறம், "சீட்தானே, லைனை அடைச்சுட்டு ஓட்டலாம்" என்ற அலட்சியம். உட்கார்ந்திருக்கும் உடல் மேல்கீழ் அதிர்வை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 ஆட்டம் வரையிலான வீச்சில். காற்றில்லாத சீட் அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட, ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் இறங்கும். பட்டறை வரை போக அது போதும், லோடு ஏற்றிப் போக அல்ல. சீட்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், நுரை எங்கே வருகிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.