ஒவ்வொரு வரிக்கும் பதில் இருக்கட்டும்

பெரிய நிறுவனங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எட்டிப் பார்க்காத கல்லூரியில் படித்துவிட்டு சென்னைக்கு பஸ் ஏறியவன் நான். வேளச்சேரியில் நண்பர்களின் அறையில் தங்கி, ஓஎம்ஆர் நெடுக அலைந்துதான் சாஃப்ட்வேர் டெவலப்பர் வேலை வாங்கினேன். இப்போது சில வருடங்களாக மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: தான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. கோடில் உள்ள வரிக்கும் இது பொருந்தும், ரெஸ்யூமேயில் உள்ள வரிக்கும் பொருந்தும்.

ஒரு ப்ராஜெக்ட் போதும், முழுசாக

என்னிடம் வரும் ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், வானிலை ஆப், ஆன்லைன் ஷாப்பிங் தளம். யூடியூப் வீடியோவைப் பார்த்து அப்படியே அடித்ததாக இருக்கும். இப்போது ஏஐ எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கிறது. ஏஐ உதவியோடு எழுதியதை நான் குறையாக நினைப்பதில்லை, நாங்களும் அலுவலகத்தில் பயன்படுத்துகிறோம். ஆனால் "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டால், அங்கேயே இன்டர்வியூ முடிந்துவிடுகிறது.

ஒருமுறை வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயில் ஒரே ஒரு ப்ராஜெக்ட்தான் இருந்தது. தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன விளையாட்டு. "இதில் உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்தினது எது?" என்று கேட்டேன்.

"எழுத்தை எண்ணுறதுதான் சார். 'தமிழ்'னு கொடுத்து நீளம் கேட்டா பைத்தான் 5ன்னு சொல்லுது. நமக்கு 3 எழுத்துதானே?"

போர்டில் எழுதியே காட்டினார். யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து தனியாக நிற்கிறது. குறி எங்கே வந்தாலும் அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும்படி அவரே ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார். "அப்போ 'க்ஷ' வந்தா?" என்றேன். "அது இன்னும் சரியா வரலை சார். க், ஷன்னு ரெண்டாப் பிரியுது. அதுக்குத் தனியா ஒரு விதி சேர்க்கணும்" என்றார்.

அவரை எடுத்துக்கொண்டோம். தன் புரோகிராம் எங்கே உடையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்காமல் சொல்லவும் முடிந்தது. டெவலப்பர் வேலையின் பெரும்பகுதி இதுதான். எனவே நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு பிரச்சினையை எடுங்கள்: அப்பாவின் கடைக் கணக்கு, ஊர்ப் பேருந்து நேரம், எதுவானாலும் சரி. அதைச் செய்து முடித்து, கிட்ஹப்பில் ஏற்றி, இன்னொருவர் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும்.

டெஸ்டுக்குத் தயாராவது

முதல் வடிகட்டல் பெரும்பாலும் ஆன்லைன் டெஸ்ட்தான். ஆப்டிட்யூட், கொஞ்சம் இங்கிலீஷ், ஒன்றிரண்டு கோடிங் கணக்குகள். அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப், ஸ்டாக், கியூ, ரிகர்ஷன், எஸ்க்யூஎல் ஜாயின் ஆகியவற்றில் கை பழகிவிட்டால் ஃப்ரெஷர் டெஸ்டுகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடலாம். ஒரு மொழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாவாவோ பைத்தானோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத வர வேண்டும்.

அடுத்த சுற்றில் சில நிறுவனங்களில் சில மணி நேரம் கொடுத்து ஒரு சிறு அப்ளிகேஷனையே எழுதச் சொல்வார்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு இதில் பிரபலமான கேள்வி. பார்த்தால் சுலபமாகத் தெரியும். கன்ஃபர்ம் ஆன ஒருவர் கேன்சல் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: ஆர்ஏசியில் முதலில் நிற்பவருக்கு பெர்த் கிடைக்க வேண்டும், அவர் விட்ட இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள் ஏற வேண்டும். இரண்டு கியூக்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்வு. இதைப் பேப்பரில் வரைந்துவிட்டு கோடில் கை வைப்பவர்கள் நேரத்துக்கு முடிக்கிறார்கள். எழுதும்போது நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் கேளுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது இங்கிலீஷுக்குத்தான். சின்னச் சின்ன வாக்கியம் போதும். உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி மொபைலில் பதிவு செய்து கேளுங்கள்; தினமும் செய்யுங்கள். விஷயத்தைத் தமிழிலேயே புரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கணியம் தளத்தில் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்கள் இலவசம். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அடிப்படை தெளிவாக இருந்தால் மொழித் தடுமாற்றத்தை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

ரெஸ்யூமே ஒரு பக்கம்

அப்பா பெயர், மதம், கடைசியில் ஒரு உறுதிமொழி, இவையெல்லாம் வேண்டாம். ப்ராஜெக்டை மேலே போடுங்கள், கிட்ஹப் முகவரியோடு. தெரிந்த மொழிகள் என்று பத்துப் பெயரை அடுக்கினால், அதில் உங்களுக்குக் கொஞ்சமாகத் தெரிந்ததைப் பற்றித்தான் கேள்வி வரும். பதில் சொல்ல முடியாத வரியை இப்போதே அடித்துவிடுங்கள்.

உள்ளே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். ஆனால் அங்கே உங்கள் ரெஸ்யூமே ஒரு பெரிய குவியலில் விழுகிறது. உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் ரெஃபர் செய்தால் அதை யாராவது எடுத்துப் பார்க்க வாய்ப்பு அதிகம். "வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா" என்று மட்டும் அனுப்பினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பணியிடம், அதற்கு நீங்கள் ஏன் பொருத்தம், ப்ராஜெக்ட் இணைப்பு, ரெஸ்யூமே, இவ்வளவும் நாலு வரிக்குள் இருக்கட்டும். உள்ளே யாரையும் தெரியாது என்றால் பயனர் குழுக்களின் கூட்டங்களுக்குப் போங்கள். பைத்தான் படிப்பவர்களுக்கு சென்னைபை இருக்கிறது. லினக்ஸ் பழகுகிறவர்களுக்கு ஐஎல்யூஜிசி, தமிழிலேயே பேசிப் பழக காஞ்சி லினக்ஸ் பயனர் குழு. இந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வந்தால், உங்கள் கோடைப் பார்த்த நாலு பேர் கிடைப்பார்கள்.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

"பேக்டோர்ல வாங்கித் தர்றோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். முறையான நிறுவனம் எதுவும் வேலைக்குப் பணம் கேட்காது. பொய் அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகள் பக்கமும் போகாதீர்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தோம் என்பது பிஎஃப் யுஏஎன் எண்ணிலேயே பதிவாகிறது. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டினால், சேர்ந்து எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் வேலை போய்விடும்.

ஆஃபர் லெட்டரையும் வரி வரியாக

சிடிசி ஆண்டுக்கு 4 லட்சம் என்றால் மாதம் 33,000 ரூபாய் கைக்கு வந்துவிடாது. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். "பிடித்தம் போக மாதம் எவ்வளவு வரும்?" என்று ஹெச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது.

ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்விகளை அன்றே எழுதி வைத்து, பதிலைத் தேடிப் படியுங்கள். கேள்விகள் மறுபடி மறுபடி வரும். அடுத்த முறை உங்களிடம் பதில் இருக்கும்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒன்று செய்யுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலருக்கு நிறுவனங்களுக்குள் சொந்தக்காரர் யாரும் கிடையாது. ரெஃபர் செய்ய ஆள் இல்லாததாலேயே தகுதியுள்ள பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். உங்கள் கல்லூரி ஜூனியர் ஒருவர் ப்ராஜெக்ட் இணைப்போடு செய்தி அனுப்பினால், திறந்து பாருங்கள். கோட் நன்றாக இருந்தால் ரெஃபர் செய்யுங்கள்; இல்லையென்றால் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.