முதிர்ந்த கையும் புதிய தொழிலும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். மாணவர்களே, தொழில் கற்கும் கையைப் பொறுத்தவரை, இவ்வினாவிற்கு “வளையும்” என்றே விடை கூறலாம். அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக் என்பார் வயது வந்தோரின் கற்கும் ஆற்றலை ஆராய்ந்து, 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். இளமை கடந்தபின் அவ்வாற்றல் ஆண்டுதோறும் மிகச் சிறிதளவே குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. பெரியவர் பலர் கற்கத் தயங்குவதற்கு இயலாமையினும் நாணமே பெரிய காரணம் போலும்!

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம் அங்கே மிகுதி. மழை பொய்த்தால் வயலில் வேலை இல்லை. அரியலூரிலோ மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்துள்ளது. அதனால் சிமெண்டு ஆலைகள் பல எழுந்தன. ஏர் பிடித்த கை, நடுவயதில் எந்திரம் பிடிக்க நேர்கிறது. கற்றது கையில் நின்றால் குடும்பத்திற்குச் சோறு. நில்லாவிடில் மீண்டும் வானம் பார்த்த வாழ்வு.

கை எவ்வாறு கற்கிறது? பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையை அடுத்துள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றது. அச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கலையில் உளியைச் சாய்க்கும் பாங்கையும், கொட்டாப்புளியால் தட்டும் அளவையும் சொல்லால் முழுதும் உணர்த்திவிட முடியாது. மாமரம் ஒரு விதமாகவும், வேம்பு வேறு விதமாகவும் உளிக்கு இடங்கொடுக்கும். இழையோட்டத்திற்கு எதிராக உளி சென்றால், மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து பிழையை அக்கணமே காட்டிவிடும். ஆசான் வாய் திறக்குமுன் மரமே திருத்திவிடுகிறது! இன்று செய்து, இரவு துயின்று, மறுநாள் அதையே மீண்டும் நினைந்து செய்யும்போது பழக்கம் கையில் ஊறுகிறது.

இவ்வாறு இடைவிட்டுப் பழகுவதன் பயனை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கடிதங்களைப் பிரிக்க எந்திரங்கள் வந்தபோது, அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சுப் பழக வேண்டியதாயிற்று. பேட்லி, லாங்மன் என்னும் இருவர் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பயிற்றி, 1978இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பழகியோர் 55 மணி நேரத்தில் கற்றதைக் கற்க, நாள்தோறும் நான்கு மணி நேரம் பழகியோர்க்கு 80 மணி நேரம் ஆயிற்று. பயிற்சியை நிறுத்திச் சில திங்கள் சென்றபின் சோதித்தபோதும், முன்னவர் கையிலேயே திறமை மிகுதியாக நின்றது. வியப்பு யாதெனில், தம் பயிற்சி முறையில் மனநிறைவு குறைந்திருந்தவரும் அவரே! நாட்கணக்கில் பார்த்தால் அவர்கள் பிறர்க்குப் பின்னே நின்றனர் அல்லவா?

நாள்தோறும் செய்யும் வேலை தானே கையில் நிற்கும். அரிதாகச் செய்வதே மறந்துபோகும். அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கனவண்டி ஓட்டுபவர் ஓட்டுதலை மறவார். ஆனால், வண்டி தீப்பற்றினால் என் செய்வது, அடிபட்டவரின் குருதிப் பெருக்கை எவ்வாறு நிறுத்துவது என்பவை அவருக்கு ஆண்டில் ஒரு நாளும் தேவைப்படாமற் போகலாம். தேவைப்படும் நாளிலோ ஓர் உயிர் அவர் கையில் இருக்கும். சுரங்கத் தொழிலாளர்க்கெனவே 1966இல் தொழிற்பயிற்சி விதிகள் இயற்றப்பட்டன. ஐந்தாண்டிற்கு ஒரு முறையேனும் மறுபயிற்சி வேண்டும் என்று அவை விதித்தன. நல்ல ஏற்பாடே, எனினும், முதலுதவிப் பழக்கம் சில திங்களிலேயே தளரத் தொடங்குகிறது. ஐந்தாண்டு காத்திராமல், திங்கள்தோறும் வேலை தொடங்குமுன் கால் மணி நேரம் ஒருவர்க்கொருவர் கட்டுக் கட்டிப் பழகும் குழுவில், விபத்து நேர்ந்த நாளில் எவரும் கையேட்டைத் தேடி ஓட வேண்டியிராது.