மடைப்பள்ளிக் கத்தியும் தண்ணீர்ச் சாணையும்: தவிர்க்க வேண்டிய பிழைகள்



அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட வருபவர்கள் மடைப்பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது கூரான கத்தியைத்தான். பெட்டியில் பத்துக் கத்தி கிடந்தாலும் இரண்டுக்கே எல்லாக் கைகளும் நீளும். பிந்தி வந்தவருக்கு மொட்டைக் கத்தி. மொட்டைக் கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும். அழுத்தினால் பூசணித் தோலில் வழுக்கும். வழுக்கினால் மறு கையில் படும். "கூரான கத்தி ஆபத்து, மொட்டைக் கத்தியைப் பிடி" என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. 1980களில் நோர்வேக்கு வந்து வடக்கே பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம் மூத்தவர்களைக் கேட்டால், நாள் முழுவதும் கத்தி பிடிக்கும் மணிக்கட்டுக்கு நோவைக் கொடுப்பது எது என்று சொல்வார்கள்.

இப்போது நம்மவர் சிலரின் கராஜ்களில் தண்ணீரில் சுழலும் சாணை இயந்திரம் இருக்கிறது. ('வெட் கிரைண்டர்' என்றால் நமக்குத் தோசைக்கு மாவரைக்கும் இயந்திரமே நினைவுக்கு வரும். இது அதுவல்ல, இதில் அரைபடுவது உருக்கு.) சுவீடனில் 1973 இல் தொடங்கிய டோர்மெக் நிறுவனத்தின் இயந்திரம் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. இன்று வேறு நிறுவனங்களும் செய்கின்றன. திருவிழாவுக்கு முன் மடைப்பள்ளிக் கத்திகளை எடுத்துச் சென்று சாணை பிடித்துத் தருவது நல்ல தொண்டு. ஆனால் சில கத்திகள் நுனி உருண்டும், பிடியடியில் குழி விழுந்தும் திரும்பி வருவதையும் பார்க்கிறோம். இயந்திரத்தில் குறையில்லை. தண்ணீர் தடுக்கும் பிழை ஒன்றே ஒன்று. மற்றவற்றை நம் கைதான் தடுக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் தடுக்கும் அந்த ஒரு பிழை

ஊரில் சில்லை மிதித்துச் சாணை பிடிப்பவர் வந்தால் நெருப்புப் பொறி பறக்கும். சிறுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதனால் பொறி பறந்தால்தான் கத்தி கூராகும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்றும் உண்டு. பொறி என்பது கல் கிழித்தெடுத்த உருக்குத் துகள் சூட்டில் எரிவதுதான். அது கூரின் அடையாளம் அல்ல, சூட்டின் அடையாளம்.

கத்தி உருக்கை முதலில் நன்றாகக் காய்ச்சி, சடுதியாகக் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். பின்னர் மிதமான சூட்டில் மறுபடி பதப்படுத்துவார்கள். சமையற் கத்திகளுக்கு அந்தப் பதச் சூடு பெரும்பாலும் 150 முதல் 250 பாகை செல்சியஸ் வரை. சாணையில் கத்தியின் வாய் அதைவிடச் சூடானால் பதம் கெட்டு மெதுமையாகிவிடும். வாயில் நீல நிறம் ஏறியிருந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதன் பின் எத்தனை தரம் தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பட்டறைகளில் உள்ள சாதாரண உலர் சாணையின் கல் 150 மில்லிமீற்றர் விட்டம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று. கல்லின் முகம் நிமிடத்தில் ஏறத்தாழ 1,340 மீற்றர் ஓடுகிறது. தண்ணீர்ச் சாணையில் கல் 250 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 90 சுற்று. ஓடும் தூரம் ஏறத்தாழ 70 மீற்றர். அதாவது உலர் சாணை 19 மடங்கு வேகமானது. மெதுவான ஓட்டமும் தண்ணீரும் சேர்ந்து சூட்டைப் போக்குகின்றன, துகள்களையும் கழுவிவிடுகின்றன. பொறி இல்லையே என்று கத்தியைக் கல்லோடு வைத்து அழுத்த வேண்டியதில்லை.

முதலாவது பிழை: கல் குடித்து முடியுமுன் தொடங்குவது

கல் தண்ணீரை உறிஞ்சும். தொட்டியை நிரப்பி இயந்திரத்தை ஓடவிட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் இறங்கிவிடும். மறுபடி நிரப்ப வேண்டும். மட்டம் இறங்காமல் நின்ற பிறகே கத்தியை வைக்க வேண்டும். வேலைக்கு நடுவிலும் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றி ஊற்றிவிட வேண்டும். கல்லின் கீழ்ப்பாதி மட்டும் இரவு முழுவதும் ஊறினால் ஒரு பக்கம் பாரமாகும். பனிக்காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சூடேற்றாத கராஜில் ஈரக் கல்லை விட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து கல்லை வெடிக்கச் செய்யலாம். குளிர் தொடங்கியதும் கல்லை வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது பிழை: கோணத்தைக் கண்ணால் மதிப்பது

அதிகம் காணப்படும் பிழை இதுதான். வீட்டுச் சமையற் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை பொருந்தும். மெல்லிய, கடினமான ஜப்பானியக் கத்திகளுக்கு இதிலும் குறைவு. பலாக்காய், மரவள்ளிக் கிழங்கு வெட்டும் தடித்த கத்திக்கு 20 முதல் 25. இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. சில புத்தகங்களில் இரு பக்கமும் சேர்ந்த கோணத்தைச் சொல்வார்கள். அங்கே 30 என்றிருந்தால் பக்கத்துக்கு 15. அதைப் பக்கத்துக்கு 30 என்று எடுத்தால் கோடரியின் வாய்தான் கிடைக்கும்.

கோணமானி இல்லாதவர்கள் ஒரு கடதாசியின் மூலையை எடுங்கள். அது 90 பாகை. ஒரு தரம் சரிபாதியாக மடித்தால் 45. மறுபடி மடித்தால் 22.5. இன்னொரு தரம் மடித்தால் 11.25. கடைசி இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஏறத்தாழ 17. சாதாரண மரக்கறிக் கத்திக்கு அது போதும்.

வைத்த கோணம் சரியா என்று அறிய, கத்தி வாயின் சரிவில் கறுப்பு மார்க்கர் பேனையால் பூசுங்கள். கல்லைக் கையால் சற்றே சுற்றி ஒரு தரம் உரசிப் பாருங்கள். மை முழுச் சரிவிலும் போயிருந்தால் சரி. முதுகுப் பக்கம் மட்டும் போயிருந்தால் கோணம் குறைவு. வாயின் நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். கல் தேய்ந்து விட்டம் குறையக் குறைய, தாங்கியின் பழைய அளவு பழைய கோணத்தைத் தராது. ஆகவே போன வருடம் குறித்து வைத்த அளவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் மையைப் பூசிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிழை: பிசிறு எழுமுன் பக்கம் மாற்றுவது

ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது, வாயின் கடைசி விளிம்புவரை கல் எட்டியதும் மறு பக்கத்தில் மெல்லிய உருக்குப் பிசிறு ஒன்று மடிந்து எழும். அது எழும்வரை அந்தப் பக்கம் முடியவில்லை. "இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து" என்று எண்ணித் தேய்ப்பவர்கள், விளிம்பைத் தொடாமலே இரு தோள்களையும் பளபளக்கச் செய்துவிடுவார்கள். கத்தி புதிது போல் மின்னும். தக்காளியில் வைத்தால் நசுக்கும்.

பிசிறைக் கண்ணால் காண்பது கடினம். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, குறுக்கே வெளிப்புறமாக இழுத்துப் பாருங்கள். வாயின் வழியே நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக்கூடாது. பிடியடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் பிசிறு தட்டுப்பட வேண்டும். நடுவில் மட்டும் இருந்தால் மற்ற இடங்களில் வேலை பாக்கி.

நான்காவது பிழை: அழுத்துவதும், ஓரிடத்தில் நிற்பதும்

நுனி உருளுவதும் பிடியடியில் குழி விழுவதும் இதனால்தான். கத்தியை இழுத்துக்கொண்டு போய் நுனி கல்லைவிட்டு வெளியே வழுக்கும்படி விட்டால், கல்லின் ஓரம் நுனியைத் தின்றுவிடும். நுனி கல்லின் நடுவில் இருக்கும்போதே கத்தியைத் தூக்கிவிட வேண்டும். வாய் வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்திக்கொண்டு போக வேண்டும்.

பிடியடியில் நாம் தொடங்கும்போது கை சற்று நின்றுவிடும். ஒவ்வொரு இழுவையிலும் அப்படி நின்றால் அங்கே பள்ளம் விழும். அந்தக் கத்தியைப் பலகையில் வைத்தால் பள்ளத்தின் இடம் பலகையைத் தொடாது; கீரையும் வெங்காயத்தாளும் அறாமல் நூலாகத் தொங்கும். கத்தி அசையத் தொடங்கிய பிறகு கல்லைத் தொடுவதும், அசைந்துகொண்டிருக்கும்போதே தூக்குவதும் இதற்கு மருந்து. அழுத்தம் லேசாக, ஒரே அளவாக இருக்கட்டும்.

ஐந்தாவது பிழை: கல்லின் முகத்தைக் கவனியாதது

கல் உருக்கைத் தேய்க்கும். உருக்கும் கல்லைத் தேய்க்கும். எப்போதும் நடுவிலேயே கத்தியை வைத்தால் நடுவில் வாய்க்கால் விழும். அந்த வாய்க்காலில் நேரான கத்தியை வைத்து நேரான வாயை எதிர்பார்க்க முடியாது. ஒரு நேரான மட்டக்கோலைக் கல்லின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால், வைர முனை உள்ள கருவியால் கல்லைச் சமப்படுத்த வேண்டும். கல்லின் முகம் அடைத்துப் பளபளப்பாகி வெட்டாமல் போனாலும் இதே வைத்தியந்தான்.

டோர்மெக்கின் வழமையான கல் ஏறத்தாழ 220 தரக் கரடு. அதற்கென்று உள்ள தரக்கல்லின் மெல்லிய பக்கத்தை ஓடும் கல்லின் மேல் அழுத்தினால், கல் ஏறத்தாழ 1,000 தரத்துக்கு மெதுமையாகும். முழுவாயிலும் பிசிறு எழுமுன் மெதுமைக்கு மாறுபவர்கள் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறாவது பிழை: தோற் சில்லை மறப்பது, அல்லது தலைகீழாகப் பாவிப்பது

பிசிறை எழுப்புவதோடு வேலை முடியவில்லை. அதை நீக்க வேண்டும். பிசிறோடு விட்ட கத்தி முதல் இரண்டு வெங்காயத்துக்கு நன்றாக வெட்டும். பிறகு பிசிறு மடிந்து மொட்டையாகிவிடும். "சாணை பிடித்தும் இரண்டு நாளில் போய்விட்டது" என்று குறைப்படும் கத்திகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை.

இயந்திரத்தின் மறு பக்கத்தில் உள்ள தோற் சில்லில் தீட்டும் பசையைத் தடவி, இரு பக்கமும் மாறி மாறி லேசாகத் தீட்ட வேண்டும். இங்கே ஒரு விதி. தோல் எப்போதும் கத்தியின் வாயைவிட்டு விலகிச் செல்லும் திசையில் ஓட வேண்டும். வாய்க்கு எதிராக ஓடினால் கத்தி தோலைக் கிழித்து உள்ளே இறங்கும். கை நிலை தவறும். கல்லில் தாங்கியின் உதவியோடு வாயை எதிர்த்திசையில் வைக்கலாம். தோலில் ஒருபோதும் கூடாது. தீட்டும் கோணமும் கல்லில் வைத்த கோணமாகவே இருக்க வேண்டும். கையை உயர்த்தினால் அவ்வளவு நேரமும் எடுத்த கூர் உருண்டுவிடும்.

ஏழாவது பிழை: எல்லாக் கத்தியையும் கல்லில் வைப்பது

பாண் வெட்டும் பற்கத்தியை இந்தக் கல்லில் வைத்தால் பற்கள் போய்விடும். பீங்கான் கத்திக்கு வைரக் கல் வேண்டும். சற்றே கூர் தளர்ந்த கத்திக்குக் கல்லே தேவையில்லை. தோற் சில்லோ தீட்டுக்கோலோ போதும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

கல்லின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் மட்டுமே இருக்கிறது. போன உருக்கு திரும்பி வராது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கத்தியின் அகலத்தில் 10 மில்லிமீற்றர் தேயும்வரை அதைப் பாவிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றர் எடுப்பவரிடம் அது 20 தடவைக்குத்தான். பத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர் எடுப்பவரிடம் 100 தடவைக்கு. கத்தி முதுகை நோக்கித் தடிப்பது. ஆகவே அகலம் குறையக் குறைய வாயின் பின்புறம் தடித்து, கூராக இருந்தும் கரட்டைப் பிளக்குமே தவிர அரியாது. அவசரத்தில் எடுத்த உருக்கை அடுத்த பத்து வருடம் மரக்கறி வெட்டும் கைகள் கொடுத்துத் தீர்க்கின்றன.

கோயிற் கத்திகளுக்குச் சில வார்த்தைகள்

வீட்டில் மீன், இறைச்சி வெட்டும் கத்தியைச் சாணை பிடித்த தண்ணீரில் மடைப்பள்ளிக் கத்தியை வைக்க வேண்டாம். தொட்டியையும் கல்லையும் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டு, மடைப்பள்ளிக் கத்திகளை முதலில் முடித்துவிடுங்கள். தோற் சில்லின் பசையைக் கழுவ முடியாது. இயலுமானால் கோயிற் கத்திக்குத் தனித் தோல் வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் கத்திகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கல்லின் சேறும் உருக்குத் துகளும் சாம்பாருக்குள் போகக்கூடாது.

திரும்பக் கொண்டுவரும்போது ஒவ்வொன்றையும் தடித்த கடதாசியில் சுற்றி, கூராக்கியதென்று மேலே எழுதி வையுங்கள். மொட்டைக் கத்திக்குப் பழகிய கை கூரான கத்தியையும் அதே பலத்தோடு அழுத்தும். வெட்டுபவர்களுக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள். கண்ணாடித் தட்டிலும் கருங்கல் மேசையிலும் வெட்டாமல் மரப்பலகையில் வெட்டுமாறும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு மணித்தியாலம் எடுத்த கூரைக் கண்ணாடி சில நிமிடத்தில் கெடுத்துவிடும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் நிறுத்தி மை பூசவும் பிசிறு பார்க்கவும் பழக்குங்கள். இயந்திரம் மெதுவானது, பெரியவர் ஒருவர் அருகில் நின்றால் அவர்களும் கற்றுக்கொள்ளலாம். முதற் பாடத்துக்கு வீட்டில் கழித்து வைத்த பழைய கத்தி ஒன்று போதும். கோயிற் கத்தி இரண்டாவது பாடமாக இருக்கட்டும்.