வீட்டுத் தோட்டத்தில் கற்பூரவல்லி

மேலைநாட்டார் சமையலுக்கென்று வீட்டருகே தைம் எனும் மணச்செடியை வளர்ப்பர். மத்தியதரைக் கடலோரத்து வறண்ட மண்ணுக்குரிய அச்செடி, நம் நாட்டின் தாழ்நில வெப்பத்தையும் அடைமழையையும் எளிதில் தாங்குவதில்லை. அதனால் நமக்குக் குறையொன்றுமில்லை. அதே துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த கற்பூரவல்லி நம் மண்ணில் நன்கு தழைக்கிறது. இதனை ஓமவல்லி என்றும் கூறுவர். மலாய் மொழியில் இதன் பெயர் பங்குன் பங்குன். தைம், கற்பூரவல்லி ஆகிய இரண்டின் இலைகளிலும் தைமால், கார்வக்ரால் எனும் மணப்பொருள்கள் உள்ளன. ஓமத்திற்கு மணம் தருவதும் தைமாலே.

நடும் முறை

கற்பூரவல்லிக்கு விதை தேட வேண்டியதில்லை. அண்டை வீட்டுச் செடியிலிருந்து 4 முதல் 6 அங்குல நீளமுள்ள தண்டு ஒன்றைப் பெற்று, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுக. சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் சிறந்தது.

பராமரிப்பு

இதன் தண்டும் இலையும் நீரைச் சேமித்து வைப்பவை. ஆகவே மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றினால் அடித்தண்டு அழுகிவிடும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி வைத்தல் நலம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் பெருகும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையேனும் அதனைக் கொட்டித் தேய்த்துக் கழுவுக.

கலனில் கவனம்

தோட்டங்களுக்குச் செல்லுங்கால் நாம் காணும் ஒரு காட்சி கவலை தருகிறது. களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் கலனை அறுத்து, அதில் செடி நட்டிருப்பர். பாராகுவாட் எனும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் பழைய கலன்கள் கொல்லைப்புறத்தில் கிடக்கக்கூடும். எந்த நச்சு மருந்தின் கலனாயினும், எத்தனை முறை கழுவினாலும், உண்ணும் செடிக்கு அது ஆகாது. அதனைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே முறை. அடியில் துளையிட்ட பால்மாவு டின் ஒன்றே செடிக்குப் போதும். மருந்து தெளிக்கும் நிரையருகே வளர்ந்த இலையையும் பறித்து உண்ணலாகாது.

பயன்படுத்தும் முறை

கழுவிய இலையை ரசத்தில் இடலாம். கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி செய்யலாம். சளி கண்டால் இலைச்சாற்றைத் தேனுடன் அருந்துவது நம் வழக்கம். எனினும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தை நம்பிக் காலந்தாழ்த்தாது மருந்தகம் செல்க. அது காசநோயாகவும் இருக்கலாம்.

ஒரு தண்டும் ஒரு தூய கலனும் இருப்பின் இன்றே தொடங்கலாம். செடி தழைத்ததும் நாமும் ஒரு தண்டை அடுத்த வீட்டாருக்கு அளிப்போமாக.