சைபீரியக் குளிர் புக்கிட் மேராவுக்கு வருகிறதா?

மாணவர்களே, அக்டோபர் பிற்பகலில் புக்கிட் மேராவில் சற்று நடந்தாலே சட்டை நனைந்துவிடும். செப்டம்பர் இறுதியில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கிறது. அதையடுத்துப் பருவக்காற்று மாறும் வாரங்களில் காற்றும் வலுவின்றி வீசுகிறது. அதனால்தான் அந்தப் புழுக்கம்.

ஜனவரியிலோ, சில நாள்கள் மின்விசிறியையே நிறுத்திவிடுகிறோம். “சைபீரியக் குளிர் வந்துவிட்டது” என்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

குளிர்காலத்தில் வட ஆசியாவின் நிலப்பரப்பின்மீது காற்று குளிர்ந்து கனமாகிறது, காற்றழுத்தம் உயர்கிறது. அக்காற்று அவ்வப்போது தெற்கே பாய்கிறது. அதன் முன்விளிம்பே குளிர்முகம். அது கடக்கும்போது சீனாவில் வெப்பநிலை சட்டெனச் சரியும்.

பின்னர் காற்று தென்சீனக் கடலைக் கடக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அதைச் சூடாக்கி, நீராவியையும் ஏற்றுகிறது. ஆகவே, நம்மை வந்தடைவது பெரும்பாலும் குளிர் அல்ல, ஈரம். அது மேலெழுந்து மேகமாகி மழையாகிறது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் மட்டும் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான்!

பிறகு ஏன் குளிர்கிறது? மேகம் வெயிலை மறைக்கிறது. மழைத்துளிகள் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. இங்குப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் ஜனவரியில்தான்: 1934ல், 19.4 டிகிரி செல்சியஸ்.

செய்து பாருங்கள்: டிசம்பரில் ஒரு வாரம், காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நிழலில் வெப்பநிலையைக் குறியுங்கள். மழை நாளையும் வெயில் நாளையும் ஒப்பிடுங்கள். அதிகம் குறைந்தது காலை வெப்பநிலையா, பிற்பகல் வெப்பநிலையா? ஏன்?