ஒரு வேளை அடுப்பு, மூன்று வேளைச் சாப்பாடு

ஆகஸ்ட் பாதி கழிந்தால் கடலூர்–சிதம்பரம் சாலை காவி கட்டிக்கொள்ளும். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். சென்னைப் பக்கமிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வரும் குழுக்கள், மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் தெற்கே போகின்றன. பின்னாலேயே அண்டா, கரண்டி, அரிசி மூட்டையோடு ஒரு தள்ளுவண்டியோ ‘குட்டியானை’யோ வரும்.

வழியில் அன்னதானம் கிடைக்கும்தான். ஆனால் பந்தி போடும் நேரமும் கால் ஓய்ந்து உட்காரும் நேரமும் ஒத்துவருவது அபூர்வம். அதனால்தான் சொந்தச் சமையல். சமைப்பவரும் அன்று இருபது கிலோமீட்டர் நடந்தவர் என்பதை நினைவில் வைத்தால், இரவில் ஒருமுறை அடுப்பு மூட்டி மூன்று வேளைக்குச் சமைப்பதே நடக்கக்கூடிய ஏற்பாடு.

முதலில் இடம். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஏறக்குறைய பாதி வழியில் புதுச்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிற ஊர்! இன்றைக்குத் தங்கக் கிடைப்பது பெரும்பாலும் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், தேவாலய வளாகம். முந்தின நாளே போனில் மூன்று கேள்வி: குடிதண்ணீர் உண்டா, அடுப்பை எங்கே வைக்கலாம், பாத்திரம் எங்கே கழுவலாம்? மண்டபத்துக்குள் கேஸ் அடுப்பு வேண்டாம். வெளியே, காற்று மறைவில்.

அடுத்து அளவு. பத்துப் பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோ அரிசி போதும். கடலோரத்தில் சில கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. பாசிப்பருப்பு கைகொடுக்கும். சமையலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வாங்கிவிடலாம்.

இரவுக்குச் சோறும் ரசமும். மிச்சச் சோற்றை உடனே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கை ஆறவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி மூடினால் விடியற்காலையில் பழைய சோறு. சின்ன வெங்காயமும் உப்பும் போதும், நடக்கிறவருக்கு அதைவிட வேறென்ன? மறு பங்கில் சூடாக இருக்கும்போதே புளிக்காய்ச்சல் கலந்தால் பகல் கட்டுச்சோறு. புளியும் நல்லெண்ணெயும் பகல்வரை தாங்கும். புளிக்காய்ச்சலை வீட்டிலேயே சுண்டக் காய்ச்சி எடுத்து வருவது நல்லது. மீந்த சாம்பாரைச் சுமக்கவே கூடாது; ஆகஸ்ட் வெயிலில் ஊசிப்போகும்.

சிதம்பரத்தில் தங்கும் இரவு மட்டும் கொஞ்சம் மெனக்கெடலாம். அந்த ஊருக்கென்றே உள்ள கத்தரிக்காய் கொத்சு இருக்கிறதே! கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வறுத்துப் பொடித்த மல்லி, மிளகாயைத் தூவி நல்லெண்ணெயில் தாளித்தால் வேலை முடிந்தது. வெண்பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள ஏற்ற துணை. கொத்சுப் பொடி முன்கூட்டியே அரைத்திருந்தால் முக்கால் மணி நேரச் சமையல்.

கிளம்பும் முன் அடுப்புச் சாம்பலை அள்ளி, எச்சில் இலைகளை ஒரே சாக்கில் கட்டிவிட வேண்டும். பின்னால் வரும் குழுவுக்கும் அதே மண்டபம்தான்.

ஐந்து கிலோ சிலிண்டர் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சொல்: திரும்பும்போது அதை வண்டியில்தான் அனுப்ப வேண்டும், ரயிலில் ஏற்ற அனுமதி இல்லை.