கண்ணால் கேட்கிறவர்கள்

அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தை எடுத்து, அதன் கடைசிப் பகுதியை இன்று ஒரு தரம் நிதானமாய் வாசியுங்கள். காது கேளாமலும் பேச்சுத் திருந்தாமலும் இருந்த ஒரு மனிதனைச் சிலர் நமது ஆண்டவரிடம் கொண்டுவந்தார்கள். நூற்றுவர் தலைவனுடைய ஊழியனைத் தூரத்தில் இருந்தபடியே குணமாக்கின ஆண்டவர், இவனையும் ஒரே வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். ஆனால் இங்கே அவர் செய்ததைப் பாருங்கள். அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். தம் விரல்களை அவன் காதுகளில் வைத்தார். உமிழ்நீரால் அவன் நாவைத் தொட்டார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். அதன் பிறகே வாய் திறந்து, "எப்பேத்தா" என்றார். திறக்கப்படு என்பது அதன் பொருள்.

இவ்வளவும் எதற்காக? காது கேளாதவனுக்கு வெறும் வார்த்தை போய்ச் சேராது. விரல் காதில் பட்டபோது, தன் காதைப் பற்றியே இவர் கவலைப்படுகிறார் என்று அவனுக்கு விளங்கியது. நாவைத் தொட்டபோது அதுவும் விளங்கியது. கண்கள் வானத்தை நோக்கினபோது, உதவி எங்கிருந்து வருகிறதென்று கண்டுகொண்டான். பெருமூச்சையும் அவன் கண்ணாலேயே பார்த்தான். சேசுநாதர் அவனைக் குணமாக்குமுன் அவனுக்குத் தெரிந்த பாஷையில் அவனோடு பேசினார். இன்றைய பாடம் அதைப் பற்றியதே.

1. சைகை எல்லோருக்கும் பொது

குழந்தை 'அம்மா' என்று சொல்லுமுன்னே, விரலை நீட்டிப் பந்தையும் விளக்கையும் காட்டுகிறது. ஒரு வயது நிறையுமுன் பெரும்பாலான குழந்தைகள் இதைச் செய்யும். டெலிபோனில் பேசுகிறவரைக் கவனியுங்கள். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் கை ஆடிக்கொண்டே இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் கூட, பார்வையற்ற இன்னொருவரோடு பேசும்போது கையை அசைத்தே பேசுகிறார்கள் என்று 1998-ல் ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினார்கள். ஆகவே சைகை பிறரைப் பார்த்துக் கற்றது மாத்திரமல்ல. நினைப்பதற்கும் பேசுவதற்கும் கூடப்பிறந்தது.

ஆயினும் அதன் பொருள் தேசத்துக்குத் தேசம் மாறும். நாம் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் 'சரி' என்று பொருள். வெளிநாட்டார் பலர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு குழம்புகிறார்கள். பல்கேரியா தேசத்திலோ தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை' என்று பொருள்.

தேவ ஆராதனையிலும் நாம் உடலாலேயே அதிகம் பேசுகிறோம். சிலுவை அடையாளம் வரைகிறோம், மார்பில் அறைந்துகொள்ளுகிறோம், முழங்காலிடுகிறோம். 1969-ல் இந்தியத் திருச்சபைக்கு உரோமாபுரி அனுமதித்த வழிபாட்டு முறைகளில் கை கூப்பி வணங்குவதும் ஒன்று. பூசையில் சமாதானம் சொல்லும்போது நம்மில் பலர் கை கூப்புகிறோமே, அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது.

2. சைகை வேறு, சைகை மொழி வேறு

நாம் பேச்சோடு சேர்த்துக் காட்டும் சாடை பேச்சுக்குத் துணை. காது கேளாதோர் தங்களுக்குள் பேசும் சைகை மொழியோ தன்னிலேயே முழுமையான மொழி. 1960-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கோ என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்து காட்டினார். நம் சொற்கள் எழுத்தொலிகளால் ஆவது போல, அவர்களுடைய சொற்கள் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகியவற்றால் ஆகின்றன. ஒன்றை மாற்றினால் சொல்லே மாறிவிடும். முகபாவம் கேள்வியையும் மறுப்பையும் காட்டும். நேற்று நடந்தது, நாளை நடக்கப் போவது, பகடி, செபம் எல்லாம் அதில் சொல்லலாம்.

உலகம் முழுவதும் ஒரே சைகை மொழி என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாயால் பேசுவது ஆங்கிலமே. ஆனால் அவ்விரு தேசத்துச் சைகை மொழிகளும் வெவ்வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்குப் பிரெஞ்சு உறவே அதிகம். காரணம், லொரான் கிளேர் என்ற காது கேளாத பிரெஞ்சு ஆசிரியர் அங்கே போய், 1817-ல் ஹார்ட்போர்டு நகரில் பள்ளி தொடங்கத் துணை நின்றார். நிகராகுவா தேசத்தில் 1970-களின் இறுதியிலிருந்து காது கேளாத பிள்ளைகளைப் பள்ளியில் ஒன்றுசேர்த்தபோது, யாரும் கற்றுக்கொடாமலேயே அப்பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு புது மொழியை உண்டாக்கினார்கள். சர்வேசுரன் மனிதனுக்குக் கொடுத்த மொழி வரம் காதில் மாத்திரம் குடியிருக்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

3. திருச்சபை கண்ட வழி

விசுவாசம் கேட்பதால் வருகிறது என்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதினார். அதைத் தவறாய்ப் புரிந்துகொண்டு, காது கேளாதவனுக்கு ஞானம் ஏறாது என்று எண்ணினவர்கள் முற்காலத்தில் இருந்தார்கள். ஆனால் அர்ச். அகுஸ்தீன் தம் மகனோடு உரையாடுவதாக ஏறத்தாழ 389-ல் எழுதின நூலில், காது கேளாதோர் சைகையால் கேள்வி கேட்டு விடை சொல்லி உரையாடுவதைக் குறிப்பிடுகிறார். பாப்பரசர் 3-ம் இன்னொசென்ட் காலத்தில், பேச முடியாதவர் மெய்விவாகம் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. சம்மதத்தைச் சைகையால் தெரிவித்தால் போதும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 1104-ம் சட்டத்தில் இதையே சொல்லுகிறது. ஜெனீவா மேற்றிராணியாரான அர்ச். பிரான்சிஸ் சலேசியார், மார்த்தீன் என்ற காது கேளாத ஏழைக்குத் தாமே சைகையால் ஞான உபதேசம் கற்பித்து நன்மை வாங்கச் செய்தார். அதனாலேயே அவர் காது கேளாதோரின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார்.

4. ஒரு குருவானவரும் இரண்டு சகோதரிகளும்

பாரீஸ் பட்டணத்தில் ஏறத்தாழ 1760-ல், சார்ல்ஸ் மிஷேல் தெ லெப்பே என்ற குருவானவர் ஒரு வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு இளம் பெண்கள் தையல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குருவானவர் பேசினார், பதில் இல்லை. மறுபடியும் பேசினார், தலைகூட நிமிரவில்லை. மரியாதை தெரியாத பெண்கள் என்று அவர் நினைத்ததாகச் சொல்லுவார்கள். பிறகு தாய் வந்து கண்ணீரோடு, இரண்டு பேருக்கும் காது கேளாது என்றாள். வனேன் என்ற குருவானவர் படங்களைக் காட்டி அவர்களுக்கு வேதம் கற்பித்து வந்திருந்தார். அவரும் இறந்துபோனார். இனி இந்தப் பிள்ளைகள் தங்கள் வேதத்தை அறியாமலே வாழ்ந்து அறியாமலே சாவார்களே என்ற எண்ணம் லெப்பே குருவின் நெஞ்சை அறுத்தது.

அவர் பள்ளி தொடங்கினது இப்படித்தான். கூலி வாங்காமல், ஏழைப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துக் கற்பித்தார். அவருடைய பெருமை முதன்மையாக ஒரு காரியத்தில் இருக்கிறது: கற்பிக்கப் போனவர் முதலில் கற்றுக்கொண்டார். பிள்ளைகளுடைய கைகள் ஏற்கெனவே பேசின மொழியை அவர் பார்த்துப் படித்து, அதன் வழியே எழுத்தையும் வேதத்தையும் கொண்டுபோனார். 1788-ம் ஆண்டின் கடுங்குளிரில், பிள்ளைகளுக்குச் செலவு குறையக்கூடாதென்று தம் அறையில் நெருப்பு மூட்டாமல் இருந்தார் என்றும் சொல்லுவார்கள். 1789 டிசம்பர் 23-ம் தேதி இறந்தார்.

அவரும் ஒரு பிழை செய்தார். பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு உருபுக்கும் ஒரு சைகை கட்டி, அதைப் பிள்ளைகளின் கையில் சுமத்தினார். அது பாரமாய் இருந்தது, பிற்காலத்தில் கைவிடப்பட்டது. பியேர் தெலோஜ் என்ற காது கேளாத புத்தகக் கட்டுநர் 1779-ல் ஒரு நூல் எழுதி, பாரீஸ் பட்டணத்துக் காது கேளாதோருக்குப் பள்ளிக்கு முன்பே சொந்த மொழி உண்டு என்று எடுத்துரைத்தார். பிறருக்கு உதவப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சங்கதி இது.

5. கைகளைக் கட்டின காலம்

1880 செப்டம்பரில் இத்தாலி தேசத்து மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஆசிரியர்கள் மகாநாடு கூடினார்கள். தலைமை வகித்தவர் ஒரு குருவானவர். கூடினவர்கள் 164 பேர் என்றும், அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர் என்றும் சொல்லப்படுகிறது. வாய்ப்பேச்சு முறையே வேண்டும், சைகை கூடாது என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தார்கள். எண்ணம் நல்லதுதான், பிள்ளைகள் எல்லோரையும் போல வாயால் பேச வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். ஆனால் விளைவு என்ன? பல தேசங்களில் பள்ளிகள் சைகையை விலக்கின. கையை அசைத்த பிள்ளைகள் அடிபட்டார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். உதட்டைப் பார்த்து ஒலியைப் பழகுவதிலேயே காலம் கழிந்து, அறிவுக்கு உணவு கிடையாமல் வளர்ந்த பிள்ளைகள் அநேகர். 130 வருஷங்கள் கழித்து, 2010-ல் கனடா தேசத்து வான்கூவர் நகரில் கூடின மகாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளி, மனவருத்தம் தெரிவித்தது.

நம் தேசத்தில் 2015-ல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் புது டில்லியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அது வெளியிட்ட அகராதியில் 2021-ல் 10,000 சொற்கள் இருந்தன. 2024-ல் கேரளத்துத் திருச்சூரில் காது கேளாத ஒருவர் குருப்பட்டம் பெற்று, சைகை மொழியில் பூசை செய்யலானார்.

6. நம் வீட்டுக்கு

"ஊமை கண்ட கனவு" என்பது நம் பழமொழி. கண்டவனால் சொல்ல முடியாது என்பது அதன் கருத்து. உண்மையில் அவன் சொல்லுகிறான். நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. பேரைச் சொல்லாமல் 'ஊமை', 'செவிடு' என்று ஒரு பிள்ளையை அழைப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதம். அதை இன்றே விட்டுவிடுங்கள்.

பெற்றோரே, பிறந்த குழந்தையின் காதை முதல் மாதத்துக்குள் பரிசோதிக்கக் கேளுங்கள். கேள்வி குறைவென்று தெரிந்தால் மறைக்காதீர்கள்; காலம் கடத்தாதீர்கள். மொழி வேர் விடுவது முதல் சில வருஷங்களில்தான். காதுக்குக் கருவி வைப்பதும் பேச்சுப் பயிற்சி தருவதும் நல்லவையே. ஆனால் அவற்றுக்காகப் பிள்ளையின் கையைத் தடுக்க வேண்டாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று சந்தையிலும் கோவிலிலும் அந்தக் கையைப் பிடித்து அடக்குகிற தாய் தகப்பன், அறியாமலே அதன் வாயைப் பொத்துகிறார்கள்.

உங்கள் தெருவில் காது கேளாத பிள்ளை இருந்தால், புதுநன்மைக்கு அதைத் தயாரிக்க வேண்டுமென்று பங்குக் குருவிடம் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்யவும் திருச்சபை இடம் கொடுக்கிறது. அவர்களோடு பேசும்போது முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். கத்துவதால் பயனில்லை. வணக்கம், நன்றி, சாப்பிட்டாயா, வா, உட்கார் என்ற ஐந்தையாவது அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. சேசுநாதர் அந்த மனிதனை ஏன் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார்?

2. அர்ச். லூக்காஸ் 1-ம் அதிகாரத்தில், பேச்சிழந்த சக்கரியாசிடம் உறவினர் எதைச் சைகையால் கேட்டார்கள்? அவர் எப்படி விடை சொன்னார்?

3. இன்றிரவு செபத்துக்குமுன் பத்து நிமிஷம் யாரும் வாய் பேசாமல் சாப்பிட்டுப் பாருங்கள். எது எளிதாய் இருந்தது? எது தவிப்பாய் இருந்தது? அந்தத் தவிப்பிலேயே தினமும் இருக்கிறவர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் மனதில் வந்தால், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடம் போய், கை கூப்பி, முகம் பார்த்து நில்லுங்கள். "எப்பேத்தா" என்ற வார்த்தை அன்று நமக்கும் சொல்லப்பட்டதாயிருக்கும்.